குடும்பப் பெயர் என்னும் கட்டம்



வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வாசிப்பு என்றே எழுதி வருகிறேன். இன்று எழுதப்போவது ஒரு கணினி நிரலைப் பற்றி. நிரல் என்றதும் ஆசிரியர்கள் பக்கத்தை மூடிவிட வேண்டா, பெற்றோரும்தான். இது நம் பிள்ளைகளின் பெயர்களைப் பற்றிய செய்தி. கணினி இடையில் வந்து சேர்ந்துகொண்டது, அவ்வளவே.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாம் ஆண்டு வகுப்புக்குப் பொறுப்பேற்ற முதல் வாரம். மாணவர்கள் 28 பேர். ஜொகூர் பாருவில் ஆசிரியராக இருப்போர் அறிவர், இங்கே பெற்றோரின் தொலைபேசி எண்களைத் திரட்டுவது வெறும் எழுத்து வேலையன்று. தந்தை பொழுது விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போயிருப்பார். தாய் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலையில் இருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரை அழைப்பது, எந்த எண்ணில் அழைப்பது என்பதை ஆசிரியர் முன்னமே அறிந்து வைத்திருக்க வேண்டும். ஆகவே, தாளில் எழுதி வாங்கிய விவரங்களைக் கணினியில் அட்டவணையாக ஏற்றினேன். இரண்டே பத்திகள். ஒன்றில் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி பிள்ளையின் பெயர். மற்றொன்றில் பொறுப்பாளரின் எண். பொறுப்பாளர் யார், தந்தையா தாயா என்னும் பத்தியைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இந்தத் தவறு என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்கூடாயில் கணினித் துறையில் பயிலும் என் அக்காள் மகன் அன்று வீட்டிற்கு வந்திருந்தான். நான் ஒவ்வோர் எண்ணாகக் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “சின்னம்மா, இது எதற்கு? நான் ரூபியில் ஒரு கிளாஸ் எழுதித் தருகிறேன், அஞ்சு நிமிடத்தில் அத்தனையும் உங்கள் போனுக்குள் போய்விடும்” என்றான். அப்படியே செய்தும் காட்டினான். அட்டவணையை விழுங்கி ஒரே ஒரு கோப்பைத் தந்தது அவனுடைய நிரல். அந்தக் கோப்பைக் கைப்பேசியில் திறந்ததும் 28 தொடர்பு அட்டைகளும் வரிசையாக உள்ளே போய் அமர்ந்தன. எனக்கு ஒரே வியப்பு! போதாக்குறைக்கு, பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்பின் தலையில் ஒவ்வொருவரின் பெயரையும் இட்டு 28 செய்திகளையும் அந்நிரலே ஆயத்தம் செய்து கொடுத்தது. பாடநூல் கடனுதவித் திட்டப் பாரத்தில் கையொப்பமிட வருமாறு அழைக்கும் செய்தி அது. ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்காமலேயே புலனத்தின் வழி அனுப்பி முடித்தேன்.

மாலைக்குள் ஏறக்குறைய அனைவரும் பதில் அனுப்பிவிட்டனர். பெயர் சொல்லி மரியாதையாக எழுதியிருந்ததில் பெற்றோர் சிலருக்கு மகிழ்ச்சி. இரவில் ஒரு தாயிடமிருந்து பதில் வந்தது. “டீச்சர், அவரு தவறி எட்டு மாசமாச்சு. நான் வர்றேன்.”

நான் அனுப்பிய செய்தியை அப்போதுதான் திறந்து படித்தேன். “மதிப்பிற்குரிய திரு.” என்று தொடங்கி, அந்தப் பிள்ளையின் இறந்துபோன தந்தையின் பெயர் இருந்தது. அந்த அம்மையாரின் கைப்பேசிக்கு அவருடைய கணவரின் பெயரைச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறேன்!

உடனே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு, “பரவாயில்லை டீச்சர்” என்று சொல்லி முடித்துக்கொண்டார். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் அக்காள் மகனை உட்கார வைத்து, “எங்கே பிழை நடந்தது, எனக்குப் புரியும்படி சொல்” என்றேன். அவன் சொன்னதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் கொண்டுதான் இதனை எழுதுகிறேன்.

கைப்பேசிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் தொடர்பு அட்டைக்கு வீகார்டு என்று பெயர். நிறுவனங்களுக்குள் கைக்குக் கை மாறும் முகவரி அட்டையைப் போன்ற மின்னட்டை. ஆப்பிள், ஏடி அண்டு டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து வெர்சிட் என்னும் கூட்டமைப்பின் வாயிலாக 1990களின் நடுவில் உருவாக்கிய வடிவம் இது. அதன் 2.1 பதிப்பு 1996இல் வந்தது, 3.0 பதிப்பு 1998இல்; 4.0 பதிப்பு 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஆர்.எஃப்.சி. 6350 என்னும் எண் தாங்கிய இணையத் தரநிலையாக. கோப்பைச் சாதாரண எழுத்துப் பதிப்பான் ஒன்றில் திறந்தால் மனிதக் கண்ணாலேயே படித்துவிடலாம். ஒரு வரிக்கு ஒரு செய்தி. ஒரு வரியில் பெயர், அடுத்ததில் எண், அடுத்ததில் முகவரி. நம் வருகைப் பதிவேட்டைப் போல அடக்கமான அமைப்பு.

பெயருக்கு மட்டும் இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, முழுப்பெயரை அப்படியே எழுதும் வரி. மற்றொன்று, பெயரை ஐந்து கட்டங்களாகப் பிரித்து எழுதும் வரி. முதற்கட்டம் குடும்பப் பெயர், அடுத்தது இட்ட பெயர், பிறகு கூடுதல் பெயர்கள், பிறகு முன்னொட்டு மரியாதைச் சொற்கள், கடைசியில் பின்னொட்டுகள். ஐந்தையும் அரைப்புள்ளி பிரிக்கும்.

என் அக்காள் மகன் எழுதிய நிரலில் ‘பெயர்’ என்று ஒரு வகுப்பு. (கிளாஸ் என்பதை நிரலாளரும் தமிழில் வகுப்பு என்றே சொல்கின்றனர். இருபது ஆண்டுகளாய் வகுப்பெடுக்கும் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.) அந்த வகுப்பு, தரநிலையில் கண்ட ஐந்து கட்டங்களையும் அப்படியே கொண்டிருந்தது. முழுப்பெயரைக் கொடுத்தால், இடைவெளி கண்ட இடங்களில் வெட்டி, கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடும். முதற்சொல்லை இட்ட பெயராக்கும். நடுவில் உள்ளது கூடுதல் பெயர்.

எடுத்துக்காட்டாக நானே அமைத்த ஒரு பெயரைக் கொள்வோம்: கவிதா த/பெ முருகன். இதில் கவிதா இட்ட பெயர், சரி. முருகன் ‘குடும்பப் பெயர்’ ஆகிவிட்டார். ‘த/பெ’ என்பது கவிதாவின் நடுப்பெயராம்! ரூமியில் ‘ஏ/பி’ என்று எழுதினாலும் இதே கதைதான். மகள் என்னும் உறவுச்சொல் ஒன்றை ஆளின் பெயராக்கிவிட்டது நிரல்.

இப்போது கவனியுங்கள். ‘திரு.’ என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்த்தால் ஆங்கில முறைப்படி மரியாதையான விளிப்பு. நிரல் அதைத்தான் செய்தது. கவிதாவின் அட்டையிலிருந்து ‘திரு. முருகன்’ வந்தது. அட்டையில் இருந்த எண் தந்தையின் எண்ணானால், அவர் உண்மையிலேயே திரு. முருகன்தான்! கணக்கு தவறு, விடை சரி. கணித ஆசிரியர்களுக்கு இந்த வகை விடைத்தாள் நன்கு பழக்கம். 28 பேரில் பெரும்பாலோர் தந்தையின் எண்ணைத் தந்திருந்ததால் பிழை வெளியே தெரியவே இல்லை. தாயின் எண் இருந்த இடத்தில்தான் அது வெடித்தது. அதுவும் எந்த வீட்டில் வெடிக்கக் கூடாதோ அந்த வீட்டில்.

ஆகவே, என் கருத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன். தமிழரின் பெயரில் குடும்பப் பெயர் இல்லை. இல்லாத ஒன்றுக்குக் கட்டம் போட்டு, அதை நிரப்பியே ஆக வேண்டும் என்று நாமே நம் பிள்ளைகளின் தந்தை பெயரைத் தூக்கி அதில் போடுவதை நிறுத்த வேண்டும். தந்தை பெயர் ஓர் உறவைச் சொல்லும் செய்தி. அதை உறவு என்றே பதிய வேண்டும்.

“இதெல்லாம் ஒரு பெரிய சங்கதியா?” என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கைப்பேசியில் பெயர் எப்படி வரிசைப்பட்டால் என்ன? ஆனால், சற்று எண்ணிப் பாருங்கள். சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் பெயர் ஆனந்த். விசுவநாதன் அவருடைய தந்தை. உலகம் அவருக்குச் சூட்டிய செல்லப்பெயரோ ‘விஷி’. தந்தையின் பெயரைச் சுருக்கி மகனைக் கொஞ்சுகிறார்கள்! அவர் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார்; உலக வெற்றியாளரான அவருக்கு அது ஒரு குறையன்று. ஏழு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. இணையவழிப் புதிர்ப்போட்டியில் பங்கெடுத்த என் மாணவி ஒருத்திக்கு நற்சான்றிதழ் வந்தது. அதில் பெரிய எழுத்தில் அவள் தந்தை பெயர். அதன்பின் சிறிதாய் அவள் பெயரின் முதலெழுத்து. “டீச்சர், அப்பாவா போட்டியில் கலந்துகிட்டாரு?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

முதல்நாள் நாம் பிள்ளைக்குக் கற்பிக்கும் முதற்சொல் அதன் பெயர். ‘என் பெயர்...’ என்று தொடங்கும் வாக்கியத்தில்தான் நம் பேச்சுப் பயிற்சியே தொடங்குகிறது.

தமிழகத்தில் முன்னெழுத்து முறை. மு. கருணாநிதி என்றால் ‘மு’ அவர் தந்தையார் முத்துவேல். அவர் மகன் மு. க. ஸ்டாலின் பாட்டன், தந்தை இருவரின் முதலெழுத்துகளையும் சுமக்கிறார். இம்மூன்று தலைமுறையில் குடும்பப் பெயர் எது? ஒன்றுமில்லை. நம் நாட்டிலும் துன் வீ. தி. சம்பந்தன் என்றே அறிந்தோம். சம்பந்தன்தான் அவர் பெயர். பிறகு ஆனாக் லெலாகி, ஆனாக் பெரெம்புவான் என்னும் முறை நம் ஆவணங்களில் நிலைத்தது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் அதுவே ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’. மூத்த பிள்ளை அங்கும் இளைய பிள்ளை இங்கும் பிறந்திருந்தால், ஒரே வீட்டில் இரண்டு வகைச் சாய்கோடுகள் வாழும். அந்தச் சாய்கோட்டை ஏற்க மறுக்கும் இணையப் பாரங்களையும் பார்த்திருப்பீர்கள். ‘தவறான எழுத்து’ என்று சிவப்பில் காட்டும். நம் பிள்ளையின் பெயரில் தவறாம்!

நமக்கு மட்டும் வந்த சிக்கல் என்றும் எண்ணிவிட வேண்டா. மலாய்க்காரர்களின் ‘பின்’, ‘பிந்தி’ இதே முறைதான். மகாதீர் பின் முகமட் என்பவரை நாடே மகாதீர் என்றுதான் அழைத்தது. முகமட் அவருடைய தந்தை. ஐஸ்லாந்து நாட்டிலும் தந்தை பெயரோடு மகன், மகள் என்னும் சொல்லைச் சேர்த்துப் பெயரின் பின்னால் வைப்பர். அங்கே தொலைபேசிப் புத்தகத்தை இட்ட பெயரைக் கொண்டே அகரவரிசைப்படுத்தினர். இந்தோனேசியாவின் சுகார்னோவுக்கும் சுகார்த்தோவுக்கும் ஒரே சொல்தான் பெயர். இன்னொரு வேடிக்கை: ரூபி மொழியை ஆக்கியவர் ஜப்பானியர். உலகம் யுகிஹிரோ மட்சுமோட்டோ என்று எழுதுகிறது. அவர் நாட்டு வழக்கில் மட்சுமோட்டோ என்னும் குடும்பப் பெயரே முதலில் வரும். அவர் ஆக்கிய மொழியில் எழுதிய நிரலில் கடைசிச் சொல்லே குடும்பப் பெயர் என்று கொண்டால், அவர் ஊர் வழக்குப்படி எழுதிய அவர் பெயரே தலைகீழாகிவிடும்.

அந்த ஐந்து கட்டங்களில் மலேசியர்களாகிய நாம் நிரம்பி வழிய நிரப்பக்கூடியது ஒன்றே ஒன்று: முன்னொட்டு மரியாதைச் சொற்கள். டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ, டாக்டர்... நல்லவேளை, அக்கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் காற்புள்ளியிட்டு எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள்!

இனி, தரநிலையின் மேல் பழி போடுவது முறையா என்று பார்ப்போம். நானும் முதலில் அப்படித்தான் கொதித்தேன். படித்துப் பார்த்தபின் கோபம் பாதியாகக் குறைந்தது. 2.1, 3.0 பதிப்புகளில் ஐந்து கட்ட வரி கட்டாயம். எனினும், கட்டங்களை வெறுமையாக விட இடமுண்டு. 4.0 பதிப்பிலோ அந்த வரியே கட்டாயமன்று. கட்டாயமானது முழுப்பெயர் வரி மட்டுமே. அதாவது, 2011 முதல் தரநிலையே, ‘பெயரைப் பிரிக்க முடியாவிட்டால் பிரிக்காதே’ என்று விட்டுவிட்டது. 2024இல் வந்த ஆர்.எஃப்.சி. 9554 ஐந்தோடு மேலும் இரண்டு கட்டங்களைச் சேர்த்திருக்கிறது: இரண்டாம் குடும்பப் பெயர், தலைமுறைக் குறிப்பு. இரட்டைக் குடும்பப் பெயர் உடையோருக்கு அது உதவும். குடும்பப் பெயரே இல்லாத நமக்கு உதவாது. ஆயினும், கதவு 2011லேயே திறந்துவிட்டது. நிரல் எழுதுவோர்தாம் பழைய பழக்கத்தில் ஐந்து கட்டங்களையும் நிரப்பத் துடிக்கின்றனர். அதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லமாட்டேன். தமக்கு முன்னால் எழுதியவரின் வகுப்பைப் பார்த்து எழுதுகின்றனர். நம் மாணவர் பார்த்தெழுதுவது போலத்தான்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். இந்தப் பகுதியைத் தமிழாசிரியர்கள் விரும்புவீர்கள்.

‘முருகன்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? முதலாம் ஆண்டு மாணவன் சொல்வான்: மு, ரு, க, ன் என நான்கு. ரூபியிடம் நீளத்தைக் கேட்டால் ஏழு என்னும். ஏனென்றால், ஒருங்குறியில் ‘மு’ என்பது மகரமும் உகரக் குறியுமாக இரண்டு, ‘ரு’வும் அப்படியே, ‘ன்’ என்பது னகரமும் புள்ளியும். பைட் கணக்கைக் கேட்டால் 21 என்னும், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆவதால். மூன்று விடையும் சரியே! 2017 இறுதியில் வந்த ரூபி 2.5 பதிப்பிலிருந்து, மனிதர் எண்ணுவது போல எழுத்துகளைப் பிரிக்கும் வழியும் அம்மொழியில் உண்டு. அதைக் கொண்டு எண்ணினால் நான்கு என்றே வரும். என் மாணவர்களுக்கு இதைச் சொன்னபோது, “கம்பியூட்டருக்கும் எழுத்து எண்ணத் தெரிஞ்சிடுச்சா டீச்சர்!” என்றான் ஒருவன்.

இது வெறும் வேடிக்கையன்று. வீகார்டு கோப்பில் ஒரு வரி 75 பைட்டுக்குமேல் நீண்டால் மடித்து அடுத்த வரியில் தொடர வேண்டும் என்பது நெறி. ஆங்கிலத்தில் அது 75 எழுத்து. தமிழில் 25 குறிகளிலேயே எல்லை வந்துவிடும். நம் முழுப்பெயர்கள் சில எளிதில் அதைத் தாண்டும். பழைய நிரல்கள் பைட்டை மட்டும் எண்ணி, ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே கத்தி வைத்துவிடும். எழுத்து உடைந்து கேள்விக்குறியும் கட்டமுமாய்த் தெரியும். 4.0 தரநிலை இதைத் தடுத்து, ஓர் எழுத்தின் பைட்டுகள் பிரியக் கூடாது என்று விதித்தது. இன்னும் பழைய 2.1 வடிவில் தமிழ்ப் பெயரை அனுப்பினால், ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக விரியும். முருகன் என்னும் நான்கெழுத்து, 63 எழுத்து நீளமுள்ள குறியீட்டுச் சரமாகிவிடும்! அதைப் பார்த்துவிட்டு, “தமிழில் போட்டால் கைப்பேசி குழம்பும், ரூமியிலேயே போடுங்கள்” என்று அறிவுரை கூறுவோர் உண்டு. அது பழைய காலத்துச் சிக்கல். தீர்வு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

ரூமி போதும் என்று நான் ஒருகாலும் ஒப்பமாட்டேன். ரூமியில் வள்ளியும் வல்லியும் ஒன்று. கண்ணனையும் கன்னனையும் பிரிக்க முடியாது. ஆவணப் பெயர் ரூமியில் இருப்பது சட்டத்தின் தேவை, அது இருக்கட்டும். அதிலிருந்து தமிழ்ப் பெயரை எந்த நிரலாலும் மீட்டெடுக்க இயலாது. பெற்றோரைக் கேட்டுத் தமிழில் தனியே எழுதி வாங்க வேண்டும். ஒரே ஆளின் பெயரை இரு மொழிகளில், மொழிக் குறியீட்டோடு, ஒரே அட்டையில் வைத்துக்கொள்ள 4.0 பதிப்பு வழி தருகிறது.

இத்தனையும் கேட்டபின் என் அக்காள் மகன் வகுப்பைத் திருத்தி எழுத உட்கார்ந்தான். மாறிகளுக்கும் செயல்களுக்கும் தமிழிலேயே பெயரிட முடியுமாம், ஆசையோடு இட்டான். வகுப்பின் பெயருக்கு மட்டும் முடியவில்லை. ரூபியில் வகுப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து ஏது? எல்லா எழுத்தும் ஒரே உயரம்தான். ஆகவே, அந்த ஓரிடத்தில் மட்டும் ஆங்கில எழுத்தொன்று காவலுக்கு நிற்கிறது.

புதிய வகுப்பில் முழுப்பெயர் ஒரே துண்டு. அதை நிரல் வெட்டுவதில்லை. இட்ட பெயர் தனியே கேட்டு வாங்கிப் பதியப்படுகிறது; குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமை. தந்தை பெயரும் தாய் பெயரும் உறவு என்னும் வரியில் போகின்றன. 4.0 பதிப்பில் அப்படி ஒரு வரி இருக்கிறது. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார், துணைவர் என்று உறவின் வகையையும் அதில் குறிக்கலாம். அவசரத்திற்கு அழைக்க வேண்டியவர் என்றே ஒரு வகையும் அதில் உண்டு. பள்ளிக்கு வேறென்ன வேண்டும்! ஒரு குறை: பல கைப்பேசிகள் இந்த வரியைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே, அதே செய்தியைக் குறிப்பு வரியிலும் எழுதி வைக்கிறோம்.

எண்களையும் திருத்தினோம். இங்கிருந்து சிங்கப்பூர் எண்ணுக்கு 02 சேர்த்து அழைப்பது நம் வழக்கம். பெற்றோர் சிலர் அப்படியே எழுதித் தந்திருந்தனர். அந்த எண் புலனத்தில் வேலை செய்யாது. பாலத்துக்கு அப்பால் நின்று அழைத்தாலும் செய்யாது. எல்லாவற்றையும் +60 என்றும் +65 என்றும் நாட்டு எண்ணோடு மாற்றினோம். இரண்டு எண் உள்ளவருக்கு எதை முதலில் அழைப்பது என்பதை 1, 2 என்று முன்னுரிமை இட்டுக் காட்ட அட்டையில் இடமிருக்கிறது. வேலை நாளில் பகல் வேளையில் சிங்கப்பூர் எண்ணே முதலில் என்று நான் முடிவு செய்தேன். (இத்தனை பேரின் எண்களும் ஒரே கோப்பில் இருப்பதால், ஏற்றி முடித்ததும் அந்தக் கோப்பை அழித்துவிட்டோம். ஆசிரியர்களே, அதைப் புலனக் குழுவில் பகிர்ந்துவிடாதீர்கள்!)

மறுப்போர் இருவகை. ஒரு சாரார், “தந்தை பெயரையே குடும்பப் பெயராக ஏற்றுக்கொண்டு போவோமே; வெளிநாட்டில் குடியேறிய தமிழர் பலர் அப்படித்தானே செய்கின்றனர்” என்கின்றனர். அவர்கள் விருப்பம் அது; விரும்பி ஏற்போரை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அடுத்த தலைமுறையில் பேரனும் முருகன் என்றே முடிய வேண்டும். மருமகளும் முருகன் ஆக வேண்டும். நம் பெண்கள் மணமான பின்னும் தம் தந்தை பெயரோடு, தம் சொந்தப் பெயராலேயே அடையாள அட்டையில் வாழ்கின்றனர். அந்த நல்ல வழக்கத்தை ஒரு வெற்றுக் கட்டத்திற்காக விட்டுக்கொடுப்பானேன்?

மற்றொரு சாரார், “நிரல் எழுதுவோர் பார்த்துக்கொள்ளட்டும், ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?” என்கின்றனர். பாரத்தை அச்சிடுபவர் யார்? அட்டவணையின் தலைப்பை எழுதுபவர் யார்? நாம்தாம். நான் இரண்டு பத்தியோடு நிறுத்தியதால்தான் நிரல் ஊகிக்க வேண்டியதாயிற்று. ஊகம் ஒரு வீட்டின் புண்ணில் போய்க் குத்தியது. பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. ஒரு பாரத்தில் ஒருவிதமாகவும் வேறொரு பாரத்தில் வேறுவிதமாகவும் பிள்ளையின் பெயரை எழுதித் தருகிறீர்கள். ஓரிடத்தில் முன்னெழுத்து, ஓரிடத்தில் சாய்கோடு, ஓரிடத்தில் இரண்டுமில்லை. பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி எழுதுங்கள். கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்களே உண்டு. நீண்ட பெயர் அங்கே துண்டிக்கப்படும். பயணச்சீட்டில் பெயர் பதியுமுன் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வாண்டு என் வகுப்புப் பாரத்தைத் திருத்தி அச்சிட்டேன். பிள்ளையின் முழுப்பெயர் ரூமியிலும் தமிழிலும். பிள்ளையை வீட்டில் அழைக்கும் பெயர். முதலில் யாரை அழைக்க வேண்டும், அவர் பிள்ளைக்கு என்ன உறவு. அவரை நாங்கள் எப்படி அழைக்கலாம். கடைசிக் கேள்வியைப் பார்த்துப் பெற்றோர் சிலர் சிரித்தனர். பலர் ‘திரு’, ‘திருமதி’ என்று தத்தம் பெயரோடு எழுதினர். பேரனைத் தனியாக வளர்க்கும் மூதாட்டி ஒருவர் மட்டும், கோணல் எழுத்தில், ‘பாட்டின்னே கூப்பிடலாம்’ என்று எழுதித் தந்தார்.

“இதை எந்தக் கட்டத்தில் போடுவது சின்னம்மா?” என்று கேட்டான் அக்காள் மகன். 3.0 பதிப்பிலிருந்து செல்லப்பெயருக்கு ஒரு வரி இருப்பதை நான் படித்திருந்தேன். அதில் போடச் சொன்னேன்.